மின்கட்டமைப்பை மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கலாமா? எரிசக்தி மாற்றமும் பாவனை விளையாட்டுகளும்

தென்காசிச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, காலை 9.10

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் அறிவியல் மன்றத்தின் சார்பில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு முழுநாள் நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். பொருள், எரிசக்தி மாற்றம். சிறப்புரை, படக்காட்சி, வினாடி வினா என்ற வழக்கமான ஏற்பாடு இந்த முறை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

2030க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 500 கிகாவாட், 2070க்குள் நிகர சுழிய உமிழ்வு என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்ததை நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். 2025இல் நாட்டின் நிறுவுதிறனில் (எல்லா நிலையங்களும் முழு அளவில் ஓடினால் கிடைக்கும் திறனில்) பாதி அந்த மூலங்களுக்கு வந்துவிட்டது என்பதும் பொது அறிவுக் கேள்வியாகிவிட்டது. "அப்படியென்றால் வீட்டுக்கு வருகிற மின்சாரத்தில் பெரும்பங்கு ஏன் இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது?" என்று கேட்டால்தான் வகுப்பில் சத்தம் நின்றுவிடுகிறது. நிறுவுதிறனுக்கும் உற்பத்திக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் விளக்கலாம், விளக்கியும் இருக்கிறேன். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். தாங்களே முடிவெடுத்து, அதன் விளைவு தங்கள் தலையிலேயே விழுந்தால் மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எனவே ஒரு பாவனை விளையாட்டு நடத்த விரும்புகிறோம். ஆயத்த விளையாட்டுகளில் எது பொருந்தும்? மெய்நிகர் தலைக்கருவிகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது தேவையா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதுங்கள்.

---

பகடை
ஞாயிறு, காலை 10.02

நல்ல முயற்சி. எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 'என்-ரோட்ஸ்'. கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மைக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கியது. கட்டணமில்லை, உலாவியிலேயே ஓடும். நிலக்கரி, சூரிய மின்சாரம், அணுசக்தி, கார்பன் விலை (கார்பன் உமிழ்வுக்கு விதிக்கும் கட்டணம்), காடு வளர்ப்பு என்று வரிசையாக நகர்த்திகள் இருக்கும். ஒன்றை நகர்த்தினால் 2100இல் வெப்பநிலை எத்தனை டிகிரி உயரும் என்ற எண் அடுத்த நொடியே மாறும். இதைத் தனியாக உட்கார்ந்து ஓட்டினால் பாதிப் பயன்தான். ஐ.நா. அவசரக் கூட்டம் போல நடத்தும் முறை ஒன்று இருக்கிறது: நடத்துபவர் பொதுச்செயலாளர், அணிகள் அரசுகளாகவும் எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களாகவும் தூய தொழில்நுட்பத்தாராகவும் வேளாண் துறையினராகவும் அமர்ந்து பேரம் பேசுவார்கள்.

இரண்டாவது, 'டேபிரேக்' பலகை விளையாட்டு. மேட் லீகாக், மட்டேயோ மெனாப்பாச்சே வடிவமைத்து 2023இல் வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதை வென்றது. நால்வர் வரை சேர்ந்து ஆடலாம், ஒருவரை ஒருவர் வெல்ல வேண்டியதில்லை. அருமையான விளையாட்டு, ஆனால் ஒரு பெட்டிக்கு நால்வர் என்றால் உங்கள் கூட்டத்துக்கு எத்தனை பெட்டி வாங்குவீர்கள்?

மூன்றாவது, நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஹான்ஸ பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'வீ எனர்ஜி'. ஓர் ஊருக்கான மின்சாரத்தைத் தூய மூலங்களிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஒருவர் மக்களுக்காகப் பேசுவார், ஒருவர் பணத்துக்காக, ஒருவர் சட்டத்துக்காக. குரோனிங்கன் எரிவாயு எடுத்து எடுத்தே நிலநடுக்கம் கண்ட மண். அங்கே 2023 அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். அந்த ஊரில் இப்படி ஒன்று பிறந்ததில் வியப்பில்லை.

தலைக்கருவிக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்பது என் கருத்து.

---

ஐம்பதுஹெர்ட்ஸ்
ஞாயிறு, பிற்பகல் 12.40

மின்துறையில் லோட் டெஸ்பாட்ச் பணியில் (எந்த நிலையம் எப்போது எவ்வளவு உற்பத்தி செய்வது என்று பார்க்கும் வேலை) நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பகடை அவர்கள் சொன்ன விளையாட்டுகள் எல்லாம் ஆண்டுகளை நகர்த்துபவை. 2030, 2050, 2100 என்று போகும். அவை வேண்டும்தான். ஆனால் தென்காசிச்சாரல் கேட்ட கேள்விக்கு விடை ஆண்டில் இல்லை, நாளில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால் மாலை மூன்று மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நடுவில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறனும் சூரிய மின் திறனும் தனித்தனியே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தால்தான் தெரியும்: மூன்று மணிக்குமேல் சூரிய மின்சாரம் சரியத் தொடங்கும், ஆறரைக்கு ஒன்றுமில்லை. அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏ.சி.யும் ஒவ்வொன்றாகப் போடப்படும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் வீசுகிற காற்று கைகொடுக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது காற்றாலைக்குக் குறைவில்லை. ஐப்பசியில் அதே காற்றாலைகள் ஆடாமல் அசையாமல் நிற்கும்.

இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது? அனல் நிலையத்தை நினைத்த நேரத்தில் நிறுத்தி, நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. நண்பகலில் சூரிய மின்சாரம் பொங்கி வழியும்போதும் அதன் திறனில் 55 விழுக்காட்டுக்குக் கீழே இறக்காமல் ஓட்டியாக வேண்டும். முழுக்க அணைத்துவிட்டால் கொதிகலன் மறுபடி சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் நண்பகலில் சில நாள் காற்றாலைகளையே 'பேக் டவுன்' செய்யச் சொல்கிறோம், அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறோம். நீர்மின்சாரம் நொடியில் வரும், ஆனால் மேட்டூர்த் தண்ணீர் பாசனக் கணக்குப்படிதான் திறக்கும். ஆழியாறு மலையில் கடம்பாறை இருக்கிறது, நான்கு நூறு மெகாவாட் எந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும்போது கீழணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி எடுப்பது. 400 மெகாவாட், அவ்வளவுதான்.

இந்த நான்கைந்து மணி நேரத்தை மாணவர்கள் கையில் கொடுங்கள். அறையின் நடுவில் பெரியதாக ஒரே ஓர் எண்: 50.00. மின்சாரத்தின் அதிர்வெண் அது, நொடிக்கு எத்தனை அலைவு என்பது, ஹெர்ட்ஸில். உற்பத்தி குறைந்தால் அது இறங்கும், மிஞ்சினால் ஏறும். 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். 49.4க்கு இறங்கினால் ரிலேக்கள் என்கிற தானியங்கிச் சுவிட்சுகள் யாரையும் கேட்காமல் ஃபீடர்களை, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் தடங்களை, துண்டிக்க ஆரம்பித்துவிடும்.

ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 5, இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். தேவை 12,000, 13,000 மெகாவாட் குறையும் என்று தேசியக் கட்டுப்பாட்டு மையம் கணித்துத் தயாரானது. குறைந்தது 31,000 மெகாவாட்டுக்கும் மேல். நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே முழு வேகத்தில் ஓட்டி வைத்திருந்து, அந்தச் சில நிமிடங்களில் 17,000 மெகாவாட்டுக்கும் மேல் குறைத்து, மறுபடி ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் நடுவில் நின்றது. நாட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பொறியாளர்கள் செய்தது எத்தனை பெரிய காரியம் என்று விளையாடிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் புரியும்.

எங்கள் தொழிலில் விளையாட்டு புதிதல்ல. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்துக்குப் பிறகு அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையை அப்படியே பெயர்த்து வைத்தது போன்ற பயிற்சிக்கூடங்கள் உலகெங்கும் வந்துவிட்டன, கூடங்குளத்திலும் உண்டு.

---

எண்ணூர்க்கரை
ஞாயிறு, பிற்பகல் 2.15

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு கேள்வி மட்டும். இந்த விளையாட்டில் எண்ணூர்க் கரையோர மக்களான நாங்கள் எங்கே இருக்கிறோம்?

அனல் நிலையம் 55 விழுக்காட்டில் ஓடட்டும், 100 விழுக்காட்டில் ஓடட்டும், அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கு வந்திருக்கிறது. சாம்பல் கலந்த தண்ணீரைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து ஆற்றின் அடி சாம்பலாகப் படிந்த இடங்களை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். இறாலும் நண்டும் பிடித்த இடம் அது. அங்கே நெய்வேலியில் 2023 ஜூலையில் நிலக்கரிச் சுரங்க வேலைக்காக, விளைந்து நின்ற நெல் வயலில் எந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. உங்கள் மேசையில் அனல் அணி ஓர் அட்டையைத் திருப்பினால் 600 மெகாவாட் வரும். அந்த அட்டையின் மறுபக்கத்தில் எங்கள் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதிர்வெண்ணைக் காப்பாற்றியதற்குக் கைதட்டிவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

---

கோவைப்பட்டறை
ஞாயிறு, பிற்பகல் 2.50

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபீடரைத் துண்டிக்க வேண்டும் என்றால் எந்த ஃபீடர்? 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்கள் பக்கத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம். லேத் வைத்து ஜாப் ஆர்டர் செய்தவர்கள் டீசல் ஜெனரேட்டர் போட்டுக் கட்டுப்படியாகாமல் பட்டறையைப் பூட்டினார்கள். யாரோ ஒருவர் ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்த விஷயம் அது. உங்கள் மாணவர்கள் அந்தப் பட்டியலைத் தாங்களே எழுதிப் பார்க்கட்டும்.

---

மன்னார்க்கடல்
ஞாயிறு, மாலை 6.05

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ஐம்பதுஹெர்ட்ஸ் ஐயா சொன்னது எங்களுக்கு நேரடி அனுபவம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. குரங்கை வைத்து உலகமே வேடிக்கை பேசியது. பேச வேண்டியது வேறு. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. வெயில் நன்றாக அடித்ததால் கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் நிறைய. அதிர்வெண்ணைச் சட்டென்று விழாமல் பிடித்து வைக்கும் கனமான சுழலிகள் குறைவாகவே சுழன்றுகொண்டிருந்தன. இந்த நிலையில் ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் வலு கட்டமைப்புக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் கூரைச் சூரிய மின்கலங்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கடன் எடுத்துக் கூரையில் பூட்டியவர்களை நிறுத்தச் சொன்னால் எப்படி இருக்கும்? சபையின் இடத்தில் இருந்தால் கேட்காமல் இருக்க முடியுமா? இரண்டு பக்கமும் நியாயம் உள்ள இந்த ஒரு பகலை விளையாட்டாக ஆக்கலாம். சிறிய தீவு, தனிக் கட்டமைப்பு; பக்கத்திலிருந்து வாங்கவும் வழியில்லை. கற்பிக்க இதைவிடத் தெளிவான களம் கிடையாது.

எண்ணூர்க்கரையின் கேள்வி எங்கள் கேள்வியும்தான், மறுபுறத்திலிருந்து. மன்னார்த் தீவில் 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பது நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். கூடுதலாக அமைக்க வந்தபோது 2025 ஓகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மழைநீர் வடியும் வழி அடைபடுகிறது, கரைவலைக்கு மீன் வருவது குறைகிறது, வலசைப் பறவைகளின் பாதை மறிக்கப்படுகிறது என்பவை அவர்கள் சொன்னவை. நிலக்கரியால் ஒரு கரை பாதிக்கப்படுகிறது. தூய மின்சாரம் என்று வந்ததும் இன்னொரு கரையின் மக்களைக் கேட்காமலே வந்தது. விளையாட்டில் காற்றாலை அட்டையின் மறுபக்கமும் வெறுமையாக இருக்கக்கூடாது.

---

சுழலி
ஞாயிறு, இரவு 8.30

விளையாட்டு மென்பொருள் எழுதுவது என் தொழில். தலைக்கருவி பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

அதற்குப் பொருத்தமான ஒரு வேலை இருக்கிறது: இல்லாத ஒன்றை அதன் இடத்தில் நிறுத்திக் காட்டுவது. சுவிட்சர்லாந்தில் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகமும் எம்பா ஆய்வுக்கூடமும் சேர்ந்து, கட்டப்படாத காற்றாலையின் தோற்றத்தையும் இரைச்சலையும் ஒருசேர உணரவைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். மன்னாரில் கோபுரம் எழுவதற்கு முன்னால் ஊர் மக்களை அப்படி உட்காரவைத்துக் காட்டி, "இங்கே வேண்டாம், அங்கே தள்ளி வையுங்கள்" என்று சொல்லும் உரிமையையும் கொடுத்திருந்தால் அது நல்ல பயன்பாடு.

உங்கள் நிகழ்ச்சிக்கு அது உதவாது. ஒரு பிள்ளை கருவியை மாட்டிக்கொண்டு தனி உலகத்துக்குப் போய்விடும், மற்றவர்கள் வரிசையில் நின்று சலிப்பார்கள், சிலருக்குத் தலைசுற்றும். எரிசக்தி மாற்றத்தில் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசுவதுதான் முக்கியம், அந்த முகத்தையே கருவி மறைத்துவிடும்.

அமிழ்ந்துபோகும் அனுபவத்துக்கு அறையே போதும். கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பின் 'வேர்ல்ட் கிளைமேட்' விளையாட்டில் பணக்கார நாடுகளின் அணிக்கு மேசை, நாற்காலி, தின்பண்டம் எல்லாம் உண்டு. ஏழை நாடுகளின் அணி தரையில் உட்காரும். பேச்சுவார்த்தை முடிந்து கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணக்கு வந்ததும், நடத்துபவர் ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து தரையில் இருப்பவர்களின் மேல் போர்த்துவார். தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு முட்டும். நாற்காலியில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த மென்பொருளாலும் இதைச் செய்ய முடியாது.

என் யோசனை இது. ஒவ்வொரு மேசையும் ஒரு ஃபீடர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு, ஒரு மேசை விசிறி. ரிலே பலகையும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் வைத்தால் மடிக்கணினியிலிருந்து இயக்கலாம். கட்டுப்பாட்டு அணி ஒரு ஃபீடரை வெட்டினால் அந்த மேசையின் விசிறி உண்மையாகவே நிற்கும். கோடையில் நடத்துங்கள், இரண்டாவது நிமிடமே எழுந்து வந்து சண்டை போடுவார்கள்.

கணக்குக்கு விரிதாள் போதும். பின்னாளில் பெரிதாக்க நினைத்தால் பிரான்சின் மின்கடத்தல் நிறுவனமான ஆர்.டி.ஈ. வெளியிட்ட 'கிரிட்2ஓப்' திறமூல மென்பொருள் இருக்கிறது. கட்டமைப்பை இயக்கக் கணினிக்குக் கற்பிக்கும் போட்டிகளுக்காக எழுதப்பட்டது.

---

ஐயமறு
திங்கள், காலை 7.20

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள். நான் கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் விதிகளை எழுதுபவர் என்ன நம்புகிறாரோ அதைத்தான் ஆடுபவர் 'கண்டுபிடிப்பார்'. என்-ரோட்ஸில் கார்பன் விலையை ஏற்றினால் வெப்பநிலை நன்றாக இறங்கும். மரம் நடுவதை முழுக்க ஏற்றினாலும் கொஞ்சம்தான் இறங்கும். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, அதன் உள்ளே இருக்கும் கணித மாதிரியும் ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட்டிருக்கிறது. ஆனால் கார்பன் விலை ஏறினால் ஏழைக் குடும்பம் விறகடுப்புக்குத் திரும்புமா, எரிவாயுக்கு மாறுமா என்பதை உலக அளவிலான ஒரு மாதிரி எப்படிச் சொல்லும்? பிள்ளைகள் நகர்த்தியைத் தள்ளுவார்கள், எண் இறங்கும், அதுவே உண்மை என்று மனத்தில் பதிந்துவிடும்.

நம் நாட்டிலேயே பார்க்கலாம். பிரிட்டனில் டேவிட் மெக்கே அரசின் அறிவியல் ஆலோசகராக இருந்தபோது 2010இல் வந்த '2050 கால்குலேட்டர்' (எரிசக்தித் தேர்வுகளை மாற்றி விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கும் கருவி) முறையைப் பின்பற்றி, திட்டக்குழு 2014இல் '2047 எரிசக்திப் பாதுகாப்பு' கணிப்பானை வெளியிட்டது. பிறகு நிதி ஆயோக் தொடர்ந்தது. ஒவ்வொரு துறையிலும் நான்கு நிலைகள். முதல் நிலை குறைந்த முயற்சி, நான்காம் நிலை தீரமுயற்சி. எது தீரமுயற்சி என்று முன்னரே ஒருவர் எழுதிவிட்டார். அந்த நான்கு கட்டங்களுக்கு வெளியே யாராலும் யோசிக்க முடியாது.

பயன் பற்றிய ஆய்வுகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 'வேர்ல்ட் கிளைமேட்' பற்றி 2018இல் வெளியான ஆய்வு எட்டு நாடுகளில் 2,000 பேருக்கு மேல் எடுத்தது; பெரும்பாலோருக்குச் செயலூக்கம் கூடியது என்றது. நல்ல செய்தி. ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு கேட்டால் யாருக்குத்தான் ஊக்கம் இருக்காது? ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதல்லவா கேள்வி?

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு விளையாடவிட்டால் அது பிரசாரம்.

---

ஐம்பதுஹெர்ட்ஸ்
திங்கள், காலை 11.05

ஐயமறு கேட்டது சரியான கேள்வி. ஆனால் எல்லா விதிகளையும் ஒரே தட்டில் வைக்க ஒப்பமாட்டேன்.

உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும் என்பது யாருடைய நம்பிக்கையும் அல்ல. 2025 ஏப்ரல் 28 பகல் 12.33க்கு ஸ்பெயினில் ஐந்தே நொடியில் 15,000 மெகாவாட் காணாமல் போனது. மின்னழுத்தம் கட்டுமீறி ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் விலகி, போர்ச்சுகலும் சேர்ந்து இருண்டது. இயற்பியலோடு பேரம் பேச முடியாது. பூமி சுற்றுகிற வரையில் மாலை ஆறரைக்குச் சூரிய மின்சாரம் சுழியம்தான்.

யார் ஃபீடரை வெட்டுவது, சாம்பலை எங்கே கொட்டுவது, விவசாயப் பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரம் பகலிலா இரவிலா, கூரை உரிமையாளருக்கு இழப்பீடு உண்டா, இவையெல்லாம் மனிதர் எழுதிய விதிகள். எனவே விதி அட்டைகளை இரண்டு நிறத்தில் அச்சடியுங்கள். கறுப்பு அட்டை இயற்கையின் விதி, தொடக்கூடாது. சிவப்பு அட்டை மனிதர் விதி. முதல் சுற்றைச் சிவப்பு அட்டைகள் உள்ளபடியே ஆடட்டும். இரண்டாம் சுற்றுக்கு முன்னால் ஒவ்வொரு மேசையும் ஒரு சிவப்பு அட்டையை மாற்றி எழுத முன்மொழியலாம். மற்ற மேசைகள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பம்பு செட்டைச் சொன்னேனே, அது பெரிய நெம்புகோல். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். இரவு மின்சாரத்தில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்குப் பாம்பும் பள்ளமும் பகை. அந்தச் சுமையை நண்பகலுக்குக் கொண்டுவந்தால் சூரிய மின்சாரம் வீணாகாது, விவசாயியும் வெளிச்சத்தில் வேலை பார்ப்பார். நிலத்தடி நீர் என்னாகும் என்று யாராவது ஒரு மாணவர் எழுந்து கேட்பார். கேட்கட்டும், அதற்காகத்தானே நடத்துகிறோம்.

---

ஐயமறு
திங்கள், பிற்பகல் 12.10

இரண்டு நிறம் நல்ல ஏற்பாடு. ஒரு திருத்தம்: 55 விழுக்காடு எந்த நிறம்? கொதிகலனுக்கு ஓர் எல்லை உண்டு என்பது கறுப்பு. அந்த எல்லை 55 என்பது ஒழுங்குமுறை ஆணையில் உள்ள எண். எந்திரத்தை மாற்றியமைத்தால் இன்னும் இறக்க முடியும், செலவாகும். அது சிவப்பு. எந்த அட்டை எந்த நிறம் என்பதையே முதல் அரைமணி நேரம் மாணவர்கள் வாதிட்டு முடிவு செய்யட்டுமே.

---

ஐம்பதுஹெர்ட்ஸ்
திங்கள், பிற்பகல் 12.25

அப்படியே செய்யலாம். கட்டுப்பாட்டு அறையில் இளம் பொறியாளர்களோடு நாங்கள் மணிக்கணக்கில் வாதிட்டதே அதைத்தான்.

---

மன்னார்க்கடல்
திங்கள், மாலை 5.45

எனக்கு ஒரு தயக்கம். நகரத்துப் பிள்ளை ஒன்று மீனவர் என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் மீனவராகப் பேசும். பேசி முடித்ததும் மீனவர் கவலை தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். தெரியாததைவிட இது ஆபத்து. அந்த இருக்கையில் உண்மையான ஆள் ஒருவர் உட்கார வேண்டும், அல்லது அவர்கள் தாங்களே எழுதிய அட்டையாவது இருக்க வேண்டும்.

---

எண்ணூர்க்கரை
திங்கள், மாலை 6.20

நான் எழுதித் தருகிறேன். எங்கள் குப்பத்துப் பெண்களிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே. தென்காசிக்கு ஆள் வரவேண்டும் என்றாலும் பேசிப் பார்க்கலாம். ஒரு நிபந்தனை: எங்கள் அட்டையைக் கடைசியில் அனுதாபத்துக்காக வாசிக்கக்கூடாது. ஆட்டத்தின் நடுவில், அனல் அணி உற்பத்தியை ஏற்றுகிற ஒவ்வொரு முறையும், அந்த மேசைக்கு ஏதாவது நடக்க வேண்டும்.

---

சுழலி
திங்கள், இரவு 9.00

நடக்கச் செய்யலாம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். அனல் உற்பத்தி கூடும்போதெல்லாம் கரைமேசைக் குவளையில் ஒரு கரண்டி சாம்பல். விறகடுப்புச் சாம்பலே போதும். காற்றாலை அட்டை இறங்கும்போது மன்னார் மேசையில் வரைந்து வைத்திருக்கும் கடற்கரைப் படத்தில் ஒரு கட்டம் மூடப்படும். எந்தக் கட்டம் என்பதை அந்த மேசையினரே சொல்லலாம் என்று ஒரு சிவப்பு அட்டையை மாற்றி எழுத இடம் வையுங்கள். முதல் சுற்று முடிந்ததும் அதை முன்மொழிய யாருக்காவது தோன்றுகிறதா என்று பார்ப்போம்.

---

தென்காசிச்சாரல்
செவ்வாய், காலை 8.40

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மன்ற நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு வரைவு போட்டோம்.

காலையில் என்-ரோட்ஸை ஒரு மணி நேரம் மட்டும் திரையில் ஓட்டுகிறோம், நீண்டகால நோக்குக்காக. ஐயமறு எழுப்பிய ஐயங்களை அதன் முடிவிலேயே மாணவர்கள் முன் வைத்துவிடுவோம்.

அதன்பிறகு அட்டைகளுக்கு நிறம் பிரிக்கும் வாதம். பிறகு முதல் சுற்று, ஆடி மாத நாள். நண்பகல் உணவுக்குப்பின் இரண்டாம் சுற்று, ஐப்பசி நாள், மாணவர்கள் திருத்திய சிவப்பு அட்டைகளுடன். காலை நேரத்தை ஒரு மணிக்கு ஒரு நிமிடமாக வேகமாக ஓட்டி, மாலை மூன்று முதல் எட்டு வரை ஒரு மணிக்கு ஐந்து நிமிடமாக நிறுத்தி நிதானமாக ஆடுவோம். மேசைகள்: அனல், நீர், காற்று, சூரியம், கட்டுப்பாட்டு அறை, எதிர்வரிசையில் சென்னை, கோவைப் பட்டறைகள், ஒரு கிராமம், எண்ணூர்க் கரை, நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர். மன்னார்க்கடல் சொன்ன ஞாயிற்றுக்கிழமையைத் தனி ஆட்டமாக நேரமிருந்தால் கடைசியில். நேரம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்கே இன்னொரு நாள் ஒதுக்கலாம்.

ஆட்டம் எவ்வளவு நேரமோ அதே அளவு நேரம் அதைப் பற்றிப் பேசவும் ஒதுக்கியிருக்கிறோம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நேரம் போதவில்லை என்றால் ஆட்டத்தைக் குறைப்பேனே தவிர, பேச்சைக் குறைக்கமாட்டேன். விசிறி நின்ற மேசையில் இருந்த பிள்ளை, விசிறியை நிறுத்திய பிள்ளையிடம் "ஏன் என்னை?" என்று நேராகக் கேட்டு அதற்குப் பதில் வாங்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே மாணவர்களை அழைத்து அதே கேள்விகளைக் கேட்கவும் தீர்மானித்திருக்கிறோம். விடைகள் எப்படி இருந்தாலும் இந்த இழையில் பதிவிடுவேன்.

எனக்கு இரண்டு தேவைகள். ஐம்பதுஹெர்ட்ஸ் ஐயா, ஓர் ஆடி நாளுக்கும் ஓர் ஐப்பசி நாளுக்கும் மணிவாரியான தேவை, காற்று, சூரிய அளவுகள் வேண்டும். சுழலி, மின்விசிறி ரிலே விஷயத்தில் பள்ளிக்கூட மின்இணைப்பு தாங்குமா, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா?

---

ஐம்பதுஹெர்ட்ஸ்
செவ்வாய், காலை 9.30

தருகிறேன். தினசரி அறிக்கைகள் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன. பிள்ளைகள் கூட்டிக் கழிக்க வசதியாக நூறு மெகாவாட்டுக்கு முழுமையாக்கி அனுப்புகிறேன். ஐப்பசி நாளுக்கு, மதியம் திடீரென்று மேகம் மூடும் நாளாகப் பார்த்து எடுக்கிறேன்.

---

சுழலி
செவ்வாய், காலை 10.15

மேசை விசிறிகளை 230 வோல்ட்டில் ஓட்ட வேண்டாம். 12 வோல்ட் சிறு விசிறிகளும் எல்.ஈ.டி. விளக்குகளும் வாங்குங்கள், ஒரே அடாப்டரில் ஒரு வரிசை ஓடும், தொட்டாலும் ஷாக் அடிக்காது. ரிலே பலகையை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மூடிக் கட்டுப்பாட்டு மேசையில் வைத்துவிடலாம். சுவிட்சை மட்டும் கணினியில் வைக்காமல், கையால் அழுத்தும் பெரிய பொத்தானாகவே வையுங்கள். வெட்டுகிறவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, தம் கையாலேயே வெட்ட வேண்டும். வரும் சனிக்கிழமை ஒரு மாதிரி செய்து படம் போடுகிறேன்.